கலைச்சொல் தேவை: டரான்டுலாவின் ஆண், பெண் அறிதல்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

டரான்டுலா என்னும் பெரிய மயிருள்ள சிலந்தியை வளர்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஆண் எது, பெண் எது என்று பார்க்கும் அத்தியாயத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். தலைப்புக்கே சொல் அமையவில்லை. முதலில் ‘பாலினத் தேர்வு’ என்று எழுதினேன். படித்த தோழி, “வேண்டிய பாலில் குஞ்சு பொரிக்கவைக்க முடியுமா?” என்று கேட்டாள். ‘பாலினம் கண்டறிதல்’ என்றாலோ கருவிலிருக்கும் குழந்தையின் நினைவுதான் வருகிறது.

தலைப்புக்கு மட்டும் என்றால் எப்படியாவது ஒப்பேற்றிவிடுவேன். ஆனால் அந்தச் சொல் வினையாகவும் நடக்க வேண்டும். ‘இன்னும் ஆணா பெண்ணா என்று பார்க்கப்படாத குஞ்சு’ என்பதைச் சுருக்கிச் சொல்ல அடைமொழியும் அதிலிருந்தே கிடைக்க வேண்டும். கூடவே, பெண் சிலந்தி விந்தைச் சேமித்து வைக்கும் உறுப்புக்கும் ஒரு பெயர். ‘விந்துப்பை’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

விந்துப்பையை இன்றே எடுத்துவிடுங்கள் அம்மா. பாடத்தில் விந்துப்பை என்றால் ஆணின் உறுப்பு. பெண்ணை அடையாளம் காட்டும் ஒரே உறுதியான உறுப்புக்கு ஆணுறுப்பின் பெயரை வைத்தால் அந்த அத்தியாயமே தலைகீழாகிவிடும். மண்புழுப் பாடத்தில் ‘விந்துகொள்பை’ என்று நெடுநாளாக இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் பை என்று பொருள். புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

இந்த உறுப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லைத் தேர்வதற்கு அது உதவும். விந்துகொள்பையின் உள்ளுறை, சிலந்தியின் மேலோட்டைப் போலவே புறத்தோல் சுரந்த பொருள். ஆகவே சட்டை உரிக்கும்போது அதுவும் கழன்று சட்டையோடு வந்துவிடுகிறது. உயிருள்ள சிலந்தியைத் தொடாமலே உரித்த சட்டையைப் பிரித்துப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடிவது இதனால்தான். பெண் டரான்டுலா பருவமடைந்த பிறகும் சட்டை உரித்துக்கொண்டே இருக்கும். உரிக்கும்போது சேமித்த விந்தும் போய்விடும். அதன்பின் முட்டையிட மறுபடி இணைசேர வேண்டும். பையே புதிதாகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு.

வளர்ப்பவர் ஒருவர் எழுதியது:

டீச்சர் சொன்னது சரி. சட்டை காய்ந்துவிட்டால் வயிற்றுப் பகுதி சுருண்டு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் விரிக்க வேண்டும். உட்பக்கத்தில் நான்கு வெண்திட்டுகள் தெரியும். அவை புத்தக நுரையீரல்களின், அதாவது சிலந்தி மூச்சுவிடும் ஏடு போன்ற உறுப்புகளின் சுவடு. முன் இரண்டுக்கும் நடுவே பார்க்க வேண்டும். பெண்ணாக இருந்தால் அங்கே ஒரு மடிப்பு எழுந்து நிற்கும். சில இனங்களில் இரண்டு மொட்டு மாதிரி, சிலவற்றில் ஒரே அகலத் தகடு மாதிரி. ஆணில் அது இருக்காது. குஞ்சு மிகச் சிறியதாக இருந்தால் நுண்ணோக்கி இல்லாமல் ஒன்றும் தெரியாது.

எங்களுக்குள் ‘ஆணா பெண்ணா பார்த்தாச்சா?’ என்றுதான் கேட்டுக்கொள்வோம். ‘பால் தெரியாத குஞ்சு’ என்போம். இதற்குப் புதுச்சொல் எதற்கு?

புலவர் ஐயா எழுதியது:

வணக்கம். ‘பால்’ என்று அனைவரும் எளிதாக எழுதுகிறீர்கள். தமிழில் பால் ஐந்து. அவற்றுள் அஃறிணைக்கு உரியவை ஒன்றன்பால், பலவின்பால் இரண்டே. ‘ஆண் சிலந்தி வந்தது’ என்றுதான் எழுதுவீர்கள். ‘வந்தான்’ என்று எழுத மாட்டீர்கள். இலக்கணப்படி சிலந்தியின் பாலை அறிந்தால் ஒன்றா பலவா என்று மட்டுமே அறிவீர்கள்!

என் பரிந்துரை ‘பாற்பகுப்பு’. பால் என்னும் சொல்லே பகு என்னும் வேரில் பிறந்தது. பகுக்கப்பட்டது பகல், பகல் நீண்டு பால். ஊழையும் பால் என்றார்கள், அவரவர்க்குப் பகுத்துக் கொடுத்தது என்பதால். வேரும் வினையும் ஒன்றாகி நிற்கும் சொல் இது. ‘விந்து’ வடசொல், ‘வித்துக்கொள்பை’ என்று எழுதலாம்.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, வித்து என்றால் மாணவருக்குச் செடிதான் நினைவுக்கு வரும். மெய்ப்புப் பார்ப்பவர் அதை அச்சுப்பிழை என்று நினைத்து ‘விந்து’ என்றே திருத்திவிடுவார். இருக்கும் சொல்லை விட்டுவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

புலவர் ஐயா, பாற்பகுப்பை என் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். ‘பாற்பகுத்த சிலந்தி’ என்றால் சிலந்தியையே பிளந்துவிட்டதுபோல் இருக்கிறது. ‘பாகுபாடு’ என்ற ஓசையும் பக்கத்தில் நிற்கிறது. ‘பாலறிதல்’ என்று வைத்தால் பாலறிந்தேன், பாலறிய முடியாது, பாலறிந்த சிலந்தி என்று எல்லா இடத்திலும் இடறாமல் போகிறது. ‘பாலறியாக் குஞ்சு’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக அழகாகவே அமைகிறது.

அஃறிணைக்கு ஆண்பால் இல்லை என்பதற்கு ஐயா படித்த நூலிலிருந்தே விடை கேட்கிறேன். தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் பெயர்களையே ‘ஆண்பாற் பெயர்’ என்று சொல்கிறதல்லவா?

புலவர் ஐயா எழுதியது:

நன்றாகக் கேட்டாய் மகளே. ஆம், ஏறு, ஏற்றை, ஒருத்தல், களிறு தொடங்கிக் கடுவன் வரை ஆணுக்குப் பதினைந்து பெயர். பேடை, பெடை முதல் பிடி வரை பெண்ணுக்குப் பதின்மூன்று. அங்கே பால் என்பது வினைமுற்றின் ஈற்றைப் பற்றியதன்று, உடலைப் பற்றியது. அந்த ஒன்றில் என் தடையை விலக்கிக்கொள்கிறேன்.

அந்தப் பட்டியலில் சிலந்திக்கென்று ஒரு பெயர் இல்லை. ஆனால் ‘ஆற்றலொடு புணர்ந்த ஆண்பாற் கெல்லாம் ஏற்றைக் கிளவி உரித்தென மொழிப’ என்று ஒரு நூற்பா உண்டு. ஆண் டரான்டுலாவை ‘ஏற்றை’ என்று ஏன் அழைக்கக் கூடாது? பெண்ணைப் ‘பெடை’ எனலாம். ஒரு கையேட்டால் இரண்டு பழஞ்சொற்கள் உயிர் பெறும்.

வளர்ப்பவர் ஒருவர் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். டரான்டுலாவில் ஆற்றல் பெண்ணிடம்தான். ஆண் பெரும்பாலும் மெலிந்த உடல், நீண்ட கால். கடைசிச் சட்டை உரித்த பிறகு சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகள். சில இனங்களில் பெண் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். எது என்று தெரிந்துகொள்ள வளர்ப்பவர்கள் தவிப்பதே இதனால்தான். பல இனங்களில் ஆணின் முன்னங்கால்களில் கொக்கி முளைக்கும். இணையும்போது பெண்ணின் நச்சுப்பல்லை அதில் மாட்டித் தடுத்து வைத்திருக்கும். பொயிசிலோதீரியா, தெரபோசா என்னும் டரான்டுலா வகைகளின் ஆண்களுக்கு அந்தக் கொக்கியும் இல்லை. ஏற்றை என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

கையேட்டில் இன்னொன்றையும் தெளிவாக எழுதுங்கள். கொக்கியும், வாயருகே உள்ள உணர்கால்களின் நுனியில் விந்தேற்றும் குமிழும் ஆணுக்குக் கடைசிச் சட்டை உரித்த பிறகே வரும். அவை இல்லை என்பதால் பெண் என்று முடிவுகட்டக் கூடாது. அடிவயிற்றுப் பள்ளத்துக்கு மேலே கருத்த திட்டுப்போல் தெரிந்தால் ஆண் என்று சிலர் சொல்வார்கள். அங்கே ஆணுக்கு நுண்ணிய இழைக்குழல்கள் இருப்பது உண்மை. ஆனால் சிறிய சிலந்தியில் அதை நம்பிச் சொன்னால் தவறிவிடும். நானே அப்படிப் பெண் என்று நம்பி நான்கு ஆண்டு வளர்த்தது, ஒரு காலை குமிழோடு நின்றது.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

தாமதமாக வருகிறேன். முதலில் டரான்டுலாவையே பாருங்கள். தெற்கு இத்தாலியின் தாரந்தோ நகரத்துப் பெயர் அது. 1758இல் உயிரியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட ‘தாரந்துலா’ வேறொரு சிலந்தி, ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தது. பெரிய மயிருள்ள சிலந்திகளுக்கு அந்தப் பெயர் பிறகு தாவியது. தவறாகத் தாவிய பெயரை ஒலிபெயர்ப்பதைவிட ‘மயிர்ச்சிலந்தி’ என்று எழுதினால் என்ன? சிலந்தியின் பழைய வடிவம் ‘சிலம்பி’; ‘மயிர்ச்சிலம்பி’ இன்னும் அழகு. ‘சிலந்தி’ கட்டியையும் புண்ணையும் குறிப்பதால் வரும் குழப்பமும் தீரும். உரித்த தோலுக்கு ‘உரி’ போதும். பொருநராற்றுப்படை நல்ல துணியை ‘அரவுரி அன்ன’ என்கிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

உரியை ‘சட்டை’ என்றே வைக்கிறேன் ஐயா, பாம்புச் சட்டை எல்லோருக்கும் தெரியும். நூலின் அட்டையிலேயே டரான்டுலா என்று அச்சாகிவிட்டது. சிலம்பியை இன்னொரு நாள் பேசுவோமா? எனக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

புலவர் ஐயா எழுதியது:

அவசரத்தில் ஒரு பிழை போகக் கூடாது. ‘பாலறியாக் குஞ்சு’ என்றாயே, அறியாதது யார்? பெயரெச்சம் செய்பவன் முதலான ஆறு பொருளையும் கொண்டு முடியும். ‘பால் அறியாக் குஞ்சு’ என்றதும் தன் பாலைத் தானே அறியாத குஞ்சு என்றுதான் காது கொள்ளும். முதல் பொருள் செய்பவனுக்கே போகும். ‘நாம் பாலறியாத’ என்று எழுவாய் சேர்த்தால் சுருக்கம் போய்விடும்.

இதை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் வளர்க்கும் தம்பியின் முதல் மடலை மறுபடி படித்தேன். ‘பால் தெரியாத குஞ்சு’ என்று அவர் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அங்கே தெரியாதது பால், குஞ்சின்மேல் பழியில்லை. பிழையற்ற தொடர். தெரிதல் என்றால் கண்ணுக்குப் புலப்படுதல், ஆராய்தலும் அதுவே. குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆகவே பாற்பகுப்பை நானே கைவிட்டு, ‘பால்தெரிதல்’ என்று முன்மொழிகிறேன்.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

தெரிதலுக்குத் தேர்ந்தெடுத்தல் என்ற பொருளும் உண்டே ஐயா. ‘பாலினத் தேர்வு’ என்று தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டோம். என் வாக்கு பாலறிதலுக்கு.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

என் வாக்கும் பாலறிதலுக்கு. ‘பாலினம்’ சமூகப் பொருளில் நிலைத்துவிட்டது. உடலுக்குப் ‘பால்’ என்று தனியே இருப்பது வகுப்பில் உதவும். கறக்கும் பாலோடு குழம்புமே என்ற அச்சம் வேண்டாம், சிலந்திப் பாடத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நூலை அனுப்பிவிட்டேன். தலைப்பு ‘பாலறிதல்’. அடைமொழிக்குப் புலவர் ஐயா காட்டிய குற்றம் மனத்தில் நின்றதால் எல்லா இடத்திலும் ‘பால் தெரியாத’ என்று மாற்றினேன். ஒரே அத்தியாயத்தில் அறிதலும் தெரிதலும் கலந்து வருவது தெரிந்தேதான். விந்துகொள்பை அப்படியே நின்றது. இணைந்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. சட்டையை ஊறவைக்கும் முறையில் நான் செய்திருந்த ஒரு பிழையும் இந்த மடல்களால் திருந்தியது.

புலவர் ஐயா எழுதியது:

மகிழ்ச்சி. ஆனால் பெயருக்கு ஒரு வினை, அடைமொழிக்கு வேறொரு வினை என்பது சொல்லாக்கம் ஆகாது என்ற என் கருத்தைப் பதிவு செய்துவைக்கிறேன். அடுத்த பதிப்பு வரும்போது பால்தெரிதலை மறுபடி எழுப்புவேன். ஏற்றையையும்.