வெப்சைட்டில் கட்டம் கட்டமாக அடுக்கிய (கிரிட்) கார்டுகளில் ஒன்றை முன்னால் கொண்டுவந்தால் டேப் கீ தாறுமாறாக ஓடுகிறது, என்ன செய்யலாம்?

திருப்பூர்நூல்:
வணக்கமுங்க. இங்கே ஒரு பனியன் கம்பெனிக்கு மொத்த ஆர்டர் எடுக்கிற சைட் செய்துகொண்டிருக்கிறேன். தேங்கி நிற்கிற சரக்கு முதலில் தெரியவேண்டும் என்று முதலாளி சொன்னதால் அந்தக் கார்டுக்கு மட்டும் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் இடம்) 'ஆர்டர்: -1', அதாவது வரிசையில் முன்னால் காட்டு என்று போட்டேன். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் டேப் அழுத்தினால் இரண்டாவது கார்டில் ஆரம்பித்து, பாதி தூரம் போய், திடீரென்று மேலே ஏறி, மறுபடி கீழே வருகிறது. டேப் போகிற வரிசையைச் சொல்லும் டேப்இன்டெக்ஸை 1, 2, 3 என்று போட்டுவிடலாமா? அப்புறம் டேப் இப்போது எங்கே நிற்கிறது என்று சுற்றிக் காட்டும் அந்த ஃபோகஸ் கோடு அசிங்கமாக இருக்கிறதாம், 'அவுட்லைன்: நன்' போட்டு அதை எடுத்துவிடச் சொல்கிறார் முதலாளி. ஜெர்மனி பையர் வேறு அக்சஸிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருப்பது) பற்றிக் கேட்கிறார்.

பெருந்துறைக்காரன்:
டேப்இன்டெக்ஸ் பக்கமே போகாதீங்க. 1, 2 என்று எண் போட்டால் அந்தக் கார்டுகள் மெனு, தேடல் பெட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றுகொள்ளும், இப்போது இருப்பதைவிடக் குழப்பம். 'ஆர்டர்' மாற்றுவது கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும்தான். கீபோர்டும் ஸ்கிரீன் ரீடரும் (பார்வையில்லாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) பக்கத்தின் மூலமான ஹெச்டிஎம்எல்லில் எழுதிய வரிசையில்தான் போகும், சிஎஸ்எஸ் விதிமுறையே இதைத் தோற்றத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. முதலில் வரவேண்டிய கார்டை ஹெச்டிஎம்எல்லிலேயே முதலில் வையுங்க, டேட்டாபேஸில் எடுக்கும்போதே வரிசைப்படுத்தினால் வேலை முடிந்தது. காலி இடங்களைப் பின்னால் வரும் கார்டுகளால் நிரப்பும் 'கிரிட்-ஆட்டோ-ஃப்ளோ: டென்ஸ்' போட்டிருந்தாலும் இதே கூத்துதான்.

கோவை_டெவ்:
'ரீடிங்-ஃப்ளோ' என்று புதிதாக ஒன்று குரோம் 137-இல் வந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே டேப் போகும். ஆனால் எந்த உலாவியில் திறப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதே, அதை நம்பி ஹெச்டிஎம்எல்லை அப்படியே விடாதீங்க.

ஃபோகஸ் கோட்டுக்கு: மவுஸில் பட்டனைச் சொடுக்கும்போது தெரிவதுதான் முதலாளிக்கு உறுத்துகிறது என்றால் ':ஃபோகஸ்-விசிபிள்' போதும், கீபோர்டில் வருகிறவர்களுக்கு மட்டும் காட்டும். 3 பிக்சல் அவுட்லைன், 2 பிக்சல் ஆஃப்செட், கம்பெனி நிறத்திலேயே கொடுங்க, அவரும் சமாதானமாகிவிடுவார். பின்னணியோடு 3:1 கான்ட்ராஸ்ட் இருக்கட்டும். அவுட்லைனை எடுத்துவிட்டு பாக்ஸ்-ஷேடோவில் வளையம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் வைத்திருப்பவருக்கு அந்த நிழல் வரவே வராது.

பெருந்துறைக்காரன்:
பையர் கேட்பது அநேகமாக ஐரோப்பிய அணுகல் சட்டத்தை வைத்து இருக்கும், 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. நுகர்வோருக்கு விற்கிற ஆன்லைன் கடைகளுக்குத்தான் அது. மொத்த வியாபாரத்துக்கு நேராக வராது, ஆனால் அவர் கேட்டால் செய்துதானே ஆகவேண்டும்.

திருப்பூர்நூல்:
ரொம்ப நன்றிங்ணா. டேட்டாபேஸ் குவரியிலேயே வரிசையை மாற்றிவிட்டேன், டேப் ஒழுங்காகப் போகிறது. ஸ்கிரீன் ரீடரில் சோதிக்கக் காசு கட்டணுமா?

கோவை_டெவ்:
வேண்டாமுங்க, என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம்தான். தமிழ் வரிகள் இருக்கிற இடத்தில் மொழியைச் சொல்லும் 'லாங்' பண்பில் தமிழுக்கான 'டிஏ' கொடுத்திருக்கிறீர்களா பாருங்க, இல்லையென்றால் ஆங்கிலக் குரலிலேயே படிக்கப் பார்க்கும், ஒன்றும் விளங்காது.