ஐபி இன்டர்காம்: வாசலில் பேசுவது உள்ளே கேட்கிறது, உள்ளே பேசுவது வாசலில் கேட்கவில்லை

புதுவரவு77:
அவசரம், யாராவது உதவுங்கள். நெட்வொர்க்கில் ஓடும் இன்டர்காம். வாசலில் பட்டனை அழுத்தினால் உள்ளே மணி அடிக்கிறது. எடுத்தால் வெளியே நிற்பவர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, ஆனால் நான் பேசுவது அவருக்குக் கேட்பதே இல்லை. கதவு திறக்கும் பட்டன் வேலை செய்கிறது. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாகிவிட்டது. இதில் எந்தப் பெட்டிக்கு என்ன வேலை என்றே பிடிபடவில்லை. எங்கே பார்ப்பது?

செம்புக்கம்பி:
என்ன மாடல்? வாசல் யூனிட்டுக்கு மின்சாரம் பிஓஇ வழியா (நெட்வொர்க் கேபிளிலேயே வருவது), தனி அடாப்டரா? கேபிள் எவ்வளவு நீளம்? 100 மீட்டர் தாண்டினாலே தொல்லைதான். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் உள்ள சுவிட்ச் ஒரு போர்ட்டில் 15.4 வாட் தந்தாலும், மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். பூட்டுக்கும் அதிலிருந்தே எடுத்தால் ஸ்பீக்கருக்குப் பற்றாது. எனக்கு மின்சாரத்தின் மேல்தான் சந்தேகம்.

பழையமுனை:
தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கமே போய்விட்டது. மாடல் இல்லை, ஐபி முகவரி இல்லை, சர்வர் உண்டா இல்லையா என்பதும் இல்லை. இதை வைத்து யார் என்ன சொல்ல முடியும்? அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மணியோசை:
அவர் கேட்பதே அடிப்படையைத்தானே. சொல்கிறேன்.

வாசல் யூனிட்டில் மைக், ஸ்பீக்கர், பட்டன் இருக்கும், பூட்டை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். உள் யூனிட் கிட்டத்தட்ட ஒரு ஐபி போன். நடுவில் சர்வர். யார் எந்த முகவரியில் இருக்கிறார்கள் என்று பதிந்து வைத்து, அழைப்பைச் சேர்த்து வைப்பது அதன் வேலை. அந்தப் பேச்சுவார்த்தை முறைக்குப் பெயர் எஸ்ஐபி, வழக்கமாக 5060 என்ற போர்ட் எண்ணில் நடக்கும்.

குரல் அதில் போவதில்லை. அது ஆர்டிபி என்ற தனி ஓட்டம். பல அமைப்புகளில் சர்வரைத் தொடாமல் இரண்டு யூனிட்டுக்கும் இடையே நேராகவே ஓடும். ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறை என்றால் விநாடிக்கு 64 கிலோபிட் குரல், பொதுவாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு பேக்கெட். போவது ஓர் ஓட்டம், வருவது வேறோர் ஓட்டம். ஒன்று செத்தாலும் மற்றது பாட்டுக்கு ஓடும். அதனால் மணி அடிக்கிறது என்பதை வைத்துக் குரலுக்கும் பாதை இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

இப்போது சொல்லுங்கள்: இரண்டு யூனிட்டும் ஒரே சப்நெட்டா (நெட்வொர்க்கின் ஒரே உட்பிரிவா)? சர்வர் எதில் இருக்கிறது? வேறு உள் யூனிட் உண்டா?

காற்றொலி:
வாசல் பக்கம் வண்டிச் சத்தம் அதிகமா? சில யூனிட்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேச முடியும். வெளிச்சத்தத்தைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு உள்ளிருந்து வரும் குரலை அடக்கிவிடும். மைக் உணர்திறனைக் குறைத்துப் பாருங்கள்.

செம்புக்கம்பி:
கதவு திறக்கிறது என்கிறாரே. அப்படியென்றால் உள்ளிருந்து வாசலுக்குப் பாதை இருக்கிறது. ஸ்பீக்கர் அல்லது மின்சாரம், வேறொன்றும் இல்லை.

மணியோசை:
திறக்கும் கட்டளை எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தது அது. பட்டன் அழுத்தலைக் குரல் ஓட்டத்திலேயே அனுப்பும் ஆர்எஃப்சி 4733 முறையில் ஆர்டிபியோடு போனால் நீங்கள் சொல்வது சரி. எஸ்ஐபி இன்ஃபோ செய்தியாகச் சர்வர் வழியே போனால், குரல் பாதை அடைபட்டிருந்தாலும் கதவு திறக்கும். ஸ்பீக்கரைச் சோதிப்பது சுலபம். பட்டனை அழுத்தியதும் வாசலில் ரிங் சத்தம் கேட்கிறதா?

தாழ்ப்பாள்:
ஒரு நிமிடம். ரிலே வாசல் யூனிட்டுக்குள்ளேயா இருக்கிறது? யூனிட்டைக் கழற்றினால் பூட்டின் கம்பிகள் கைக்கு வந்துவிடும், கதவு எளிதில் திறந்துவிடும். ரிலே உள்பக்கம்தான் இருக்க வேண்டும்.

பழையமுனை:
டேம்பர் சுவிட்ச் எதற்கு இருக்கிறது? கழற்றினால் அலாரம் அடிக்கும்.

தாழ்ப்பாள்:
அலாரம் அடிக்கும், கதவு திறக்காமல் இருக்காது. அந்த நெட்வொர்க் கேபிளும் வெளியே நிற்பவர் கையில்தான்.

பழையமுனை:
அதற்குத்தான் வாசல் யூனிட்டைத் தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) போடுவது. விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தாழ்ப்பாள்:
விலான் நெட்வொர்க்கைக் காக்கும். ரிலேயைக் காக்காது. இரண்டும் வேறு பிரச்சினை.

புதுவரவு77:
மாடல் பெயர் அழிந்துவிட்டது, படிக்க முடியவில்லை. வாசல் யூனிட் 192.168.20.x. உள் யூனிட்டும் சர்வரும் 192.168.10.x. வாசல் யூனிட்டைச் சமீபத்தில்தான் கேமரா நெட்வொர்க்குக்கு மாற்றினார்கள். வரவேற்பறையில் இன்னோர் உள் யூனிட் இருக்கிறது, அதுவும் 10.x தான், அதில் இரண்டு பக்கமும் கேட்கிறது. வாசலில் ரிங் சத்தம் வருகிறது.

பழையமுனை:
முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் இவ்வளவு பேர் மெனக்கெட வேண்டியதில்லை.

மணியோசை:
சரி, வரவேற்பறையில் கேட்கிறது என்றால் வாசல் ஸ்பீக்கர், மின்சாரம், சத்தம் எல்லாமே விலகிவிட்டன. உங்கள் உள் யூனிட்டின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து கேட்வே முகவரியை, அதாவது வேறு சப்நெட்டுக்குப் போக வழிவிடும் ரூட்டரின் முகவரியைப் பாருங்கள்.

சர்வர் அதே சப்நெட்டில் இருப்பதால் கேட்வே இல்லாமலே மணி அடிக்கும். வாசலிலிருந்து வரும் குரலை ரூட்டர் கொண்டுவந்து சேர்த்துவிடும். உங்கள் குரல் 20.x போக வேண்டும், அதற்குத்தான் கேட்வே வேண்டும். வாசல் யூனிட் பழைய நெட்வொர்க்கில் இருந்தவரை அது தேவைப்பட்டிருக்காது.

எந்த முகவரிகள் தன் சப்நெட்டில் என்று யூனிட்டுக்குச் சொல்லும் சப்நெட் மாஸ்க்கையும் பாருங்கள். 255.255.0.0 என்று இருந்தால், 20.x பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து நேராகத் தேடும், கிடைக்காது. இரண்டும் சரியாக இருந்தால் ரூட்டரிலோ சுவிட்சிலோ தடை விதி இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்புறம் பேக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்.

புதுவரவு77:
கேட்வே 0.0.0.0, அதாவது போடவே இல்லை. 192.168.10.1 போட்டேன். இப்போது கேட்கிறது. நன்றி மணியோசை.

செம்புக்கம்பி:
நல்லது. இருந்தாலும் பூட்டுக்கு எங்கிருந்து மின்சாரம் என்று சொல்லவில்லையே?

தாழ்ப்பாள்:
ரிலே எங்கே என்றும் சொல்லவில்லை. புதுவரவு, இருக்கிறீர்களா?