ஒளிர்தூளும் ஈரமும்: பாலிமர் உறை உங்களுக்குக் கைகொடுத்ததா?

வண்ணக்கலவை

இருளில் ஒளிரும் தூளான ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டை நீர் அடிப்படையிலான பெயிண்ட்டில் கலந்தவர்களுக்கு, அது ஈரத்தில் கெட்டுப்போவது புதிதல்ல. ஆனாலும் அந்த ஒரு டின் என் மனத்தை விட்டு அகலவில்லை. எங்கள் ஆலைக்கு வந்திருந்தது உறையிடாத தூள். கிடங்கில் இருந்த மாதிரி டின்னைத் திறந்தபோது கலவை தயிர்போல உறைந்திருந்தது. பிஎச் தாள் 12-ஐ ஒட்டிய, அதாவது கடுங்காரத்தைக் குறிக்கும் நிறத்தைக் காட்டியது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். டின்னுக்குள் முழு இருட்டு. மூடியின் விளிம்பில், நிரப்பிய நாளன்று வழிந்து காய்ந்திருந்த ஒரு மெல்லிய கோடு மட்டும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒரே தூள்தான், காய்ந்தது பிழைத்துக்கொண்டது, நீரில் கிடந்தது ஸ்ட்ரான்ஷியம் ஹைட்ராக்சைடாகவும் அலுமினியம் ஹைட்ராக்சைடாகவும் சிதைந்துவிட்டது.

அதன் பிறகு பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்ற பாலிமரால் உறையிட்ட தூளை வரவழைத்தோம். குவளை நீரில் தூளை இட்டு, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினாஃப்தலீனைச் சொட்டி வைத்துப் பார்த்ததில் பல நாள்களுக்கு இளஞ்சிவப்பின் சாயலே தோன்றவில்லை. அதே தூளை அதிவேகக் கலக்கியில் பெயிண்ட்டோடு ஓட்டி, கழுவி எடுத்து மீண்டும் சோதித்தால், சிறிது நேரத்திலேயே நீர் சிவக்கிறது. உறை உரிந்துவிட்டதா, அல்லது தொடக்கத்திலிருந்தே முழுமையாக மூடவில்லையா என்பது எனக்கு விளங்கவில்லை. இதை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

திரைஅச்சு

எங்கள் வேலை செம்பு சேர்த்த துத்தநாக சல்பைடு என்ற ஒளிர்தூளில். 1936-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டெஸ்ட்ரியோ கண்டறிந்த அதே மின்னொளிர்வுதான்: ஏறத்தாழ 100 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் அச்சிட்ட பலகை முழுவதும் ஒளிரும். ஒரு வடகிழக்குப் பருவமழையின்போது நாங்கள் பொருத்திய விளம்பரப் பலகையில் கரும்புள்ளிகள் தோன்றின. அவை பலகையின் நடுவில் தோன்றவில்லை. மின்கம்பி வெளியேறும் மூலையில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் உள்ளே நகர்ந்தன. இன்றும் எந்தப் பலகையைக் கண்டாலும் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகும்.

ஆகவே வண்ணக்கலவையின் கேள்வியே திசை மாறியது என்பது என் கருத்து. பாலிமர் எதுவானாலும் நீராவி அதன் ஊடாகக் கடந்துகொண்டேதான் இருக்கும், வேகம்தான் வேறுபடும். இதனால்தான் எங்கள் துறையில் முன்பு பலகை முழுவதையும் விலையுயர்ந்த ஃப்ளூரோபாலிமர் படலங்களுக்கிடையே வைத்து மூடினார்கள். ஒவ்வொரு துகளின் மீதும் அலுமினியம் ஆக்சைடைப் படியவைத்த தூள் வந்த பிறகே அந்தப் படலத்தின் தேவை ஒழிந்தது. பாலிமர் உறை என்பது தள்ளிப்போடுவது மட்டுமே.

படிகன்

திரைஅச்சு அவர்களே, உங்கள் பலகையில் மின்புலமும் ஈரமும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒளியால் தூண்டப்பட்டு ஒளிரும் பொருளுக்கு அதே அளவுகோலை வைப்பது சரியாகாது. நான் பணிபுரிவது ஈய புரோமைடு பெரோவ்ஸ்கைட் என்ற ஒளிரும் படிக வகையில்; ஈரம் பட்டால் கெடும் பொருள்களில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். சீசியம் வகை நுண்படிகங்களைச் சூரிச் நகரின் கோவலென்கோ குழு 2015-இல் வெளியிட்டபோது அவற்றின் தூய நிறத்தைக் கண்டு அனைவரும் வியந்தார்கள். ஒரு துளி நீரில் அவை அழிவதைக் கண்டு அனைவரும் சோர்ந்தார்கள்.

2016-இல் அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தினர் காட்டிய வழி எளிமையானது. படிகத்துக்கு மூலமான உப்புகளைக் கரைத்த கரைப்பானைப் பாலிமர் பரப்பின் மேல் இடுகிறார்கள். பாலிமர் வீங்குகிறது, கரைசல் உள்ளே ஊடுருவுகிறது. சூடாக்கிக் கரைப்பானை வெளியேற்றினால் படிகங்கள் உள்ளேயே வளர்கின்றன, பாலிமர் சுருங்கி அவற்றைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. தனித்தனித் துகளுக்கு உறை போடும் வேலையே இல்லை. நான் பாலிஸ்டைரீனில் அப்படிச் செய்த படலத்தைக் கொதிக்கும் நீரில் இட்டு, புற ஊதா டார்ச்சை அடித்தேன். குமிழிகளுக்கு நடுவே அது பச்சையாக மிதந்து சுழன்றுகொண்டிருந்தது. ஆய்வகத்தில் இருந்த அனைவரும் வந்து பார்த்தார்கள். என்னை உறுத்துவது அதற்குப் பின் நடந்ததுதான். அளவுக்காகக் கத்தரியால் வெட்டிய ஓரத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒளியில்லாத கறுப்புக் கோடு ஓடியது. வெட்டியதால் திறந்துகொண்ட படிகங்களை நீர் கரைத்திருந்தது. அதற்கு ஒரு மயிரிழை உள்ளே இருந்தவற்றுக்கு எதுவும் நேரவில்லை.

எனவே பாலிமர் காக்காது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தப் பாலிமர் என்பதைக் கேட்க வேண்டும். பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் நிறைவுநிலையில் ஏறத்தாழ 2 விழுக்காடு நீரை உறிஞ்சும். பாலிஸ்டைரீன் உறிஞ்சுவது அதில் மிகச் சிறு பங்கு. வண்ணக்கலவை வாங்கிய தூளின் உறை முதல் வகை என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய ரியாக்டர்

நானும் உறையிடும் பணியில் இருந்தவன்தான். ஒரு தொகுதித் தூள் உறையிட்டு முடித்த பிறகு, உறையிடுவதற்கு முன் இருந்ததைவிட மங்கலாக ஒளிர்ந்தது. தூளை வடிகட்டியபின் எஞ்சிய நீரில் பிஎச் தாளை நனைத்ததும் காரணம் விளங்கிவிட்டது: உறையிடும்போதே தூள் நீரில் சிதைந்திருந்தது.

தம்பி வண்ணக்கலவை, கேளுங்கள். பலர் பாலிமரை எளிதில் ஆவியாகும் கரைப்பானில் கரைத்து, தூளை அதில் கலந்து, அந்தக் கலவையை நீரில் குழம்பாக்கி உறையிடுகிறார்கள். ஈரத்திலிருந்து காக்க வேண்டிய பொருளைக் காக்கும் முன்பே நீருக்குள் இறக்கும் முறை இது. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டுக்கு நீரில்லாத வழியே உகந்தது: பாலிமர்க் கரைசலில் தூளைக் கலக்கிக்கொண்டே, பாலிமரைக் கரைக்காத ஹெப்டேன் போன்ற திரவத்தை மெல்ல மெல்லச் சேர்த்தால், பாலிமர் பிரிந்து துகள்களின் மேல் படியும். அதற்கும் முன்னால் துகளின் பரப்பைத் தயார்செய்ய வேண்டும். மெத்தக்ரிலாக்ஸி வகைச் சிலேனை (சிலிக்கான் கொண்ட பிணைப்புப் பொருள்) ஆல்கஹாலில் மிகக் குறைந்த நீருடன் கொடுத்தால், அதன் ஒரு முனை துகளோடு பிணையும், மறுமுனை பின்னர் வளரும் பாலிமர்ச் சங்கிலியோடு பிணையும். இந்தப் பிணைப்பு இல்லாத உறை துகளைப் போர்த்தியிருக்குமே தவிர ஒட்டியிருக்காது. சிலர் சிலேனுக்கு முன்பே பாஸ்பேட் பூச்சு ஒன்றும் கொடுப்பார்கள்; நீரில் கரையாத ஸ்ட்ரான்ஷியம் பாஸ்பேட் படலம் பரப்பில் உண்டாகும். பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப்பிணைப்பி சிறிது சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் பெயிண்ட்டில் உள்ள படலமாக்கும் துணைக்கரைப்பான்கள் உறையை மென்மையாக்கிவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. உறையைத் தடிமனாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தடித்த உறை துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்கும், பிறகு கட்டியை உடைக்கும்போது உறையும் உடையும். மணியரைப்பானில் தூளை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். எஃகுப் பாத்திரத்தில் அதிக நேரம் அரைத்தால் தூள் எஃகைச் சுரண்டிச் சாம்பல் நிறமாகிவிடும். பைண்டர் (தூளைப் பிடித்துவைக்கும் பிசின்), நிரப்பி, கெட்டியாக்கி எல்லாம் கலந்து முடித்த பிறகு, கடைசியாக, மெதுவான துடுப்பில் தூளைச் சேருங்கள். தூளின் அடர்த்தி நீரைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். கெட்டியாக்கி போதாவிட்டால் அடியில் படிந்துவிடும்.

சிவப்புஒளி

எல்.இ.டி. துறையில் இருக்கிறேன். சிவப்பு ஒளிர்தூளான, மாங்கனீசு சேர்த்த பொட்டாசியம் ஃப்ளூரோசிலிகேட்டைத் தெரிந்தவர்களுக்கு அதன் நிறமாலையில் 631 நானோமீட்டரில் எழும் அந்தக் கூர்மையான சிவப்பு முகடும் தெரிந்திருக்கும். 85 பாகை வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட சோதனைப் பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்தேன். இளமஞ்சளாக இருக்க வேண்டிய தூளின் மேலடுக்கு பழுப்பாகியிருந்தது. கரண்டியால் கிளறியபோது அடியில் பழைய மஞ்சள் அப்படியே இருந்தது. மாங்கனீசு நீரோடு வினைபுரிந்து மாங்கனீசு டையாக்சைடாக மாறியதன் நிறமே அந்தப் பழுப்பு. ஒளியை அது விழுங்கிவிடும். உடன் பிறக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேறு தொல்லை.

நாங்கள் அதைச் சிலிகோனில் புதைத்துப் பயன்படுத்துகிறோம். சிலிகோன் நீர்த்துளியை விரட்டும், நீராவிக்கோ வழிவிட்டுவிடும். திரைஅச்சு சொல்வது இந்த அளவுக்குச் சரி. ஆனால் ஆக்சைடு உறைதான் ஒரே வழி என்பதை ஏற்க மாட்டேன். துகளின் புறப்பரப்பில் இருக்கும் மாங்கனீசை மட்டும் நீக்கி, மாங்கனீசு இல்லாத அதே பொருளின் மெல்லிய ஓட்டை உருவாக்கி, அதன் மேல் நீர் ஒட்டாத நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட சிலேனைப் பூசினால், பழுப்பாவது பெரிதும் தாமதமாகிறது. உறையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

வண்ணக்கலவை

பழைய ரியாக்டர் ஐயா, ஹெப்டேன் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நான் உறையிடுபவனல்ல, உறையிட்ட தூளை வாங்குபவன். என் கேள்வி கலக்கியில் என்ன நடந்தது என்பதே. விடை ஓரளவு கிடைத்திருக்கிறது; படிகன் எழுதிய வெட்டோரம்தான் அதற்கு வழிகாட்டியது.

கலக்கியில் ஓடிய தூளைக் கழுவி, நீரில் ஊறவிட்டு, உலர்த்தி, புற ஊதா ஒளியில் நுண்ணோக்கியில் பார்த்தோம். உறை உரிந்த துகள் அரிதாகவே கண்ணில் பட்டது. மாறாக, பெரிய துகள்களே இரண்டாகப் பிளந்திருந்தன. உறை வெளிப்புறத்தில் இறுகப் பிடித்துக்கொண்டிருக்க, பிளந்த முகம் மட்டும் ஒளியிழந்து வெண்மையாக நின்றது. ஆகவே இந்தத் தூளில் உறையின் ஒட்டுதலைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் பீங்கான் தன்மையுள்ள துகள் உடைந்தால், எவ்வளவு நல்ல உறையும் புதிய முகத்தை மூடப்போவதில்லை. ஆலுமினா (அலுமினியம் ஆக்சைடு) உறைக்கும் இதே கதிதான் நேரும் என்று நினைக்கிறேன்.

சிறிய துகளுக்கு மாறினால் பிளவு குறையும்; ஆனால் சிறிய துகள் மங்கலாகவே ஒளிரும். மாடிப்படிக் குறிகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1993-இல் பயணிகள் கப்பல்களுக்கு வகுத்தது: விளக்கணைந்த 10 நிமிடத்தில் சதுர மீட்டருக்கு 15 மில்லிகேண்டெலா ஒளிர்வு, 60 நிமிடத்தில் 2. சிறு துகளில் அதை எட்ட இரண்டு பூச்சுக்கும் மேல் தேவைப்படுகிறது. எனவே பெரிய துகளையே வைத்துக்கொண்டு, ஐயா சொன்னபடி இறுதியில் துடுப்பால் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். குவளைச் சோதனையையும் வந்திறங்கிய தூளில் செய்வதில்லை. கலந்து முடித்த பெயிண்ட்டிலிருந்து கழுவியெடுத்த தூளில் செய்கிறோம்.

திரைஅச்சு

பிளந்த முகத்தைப் பொறுத்தவரை ஆலுமினாவும் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீராவி பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. 2014-இல் நெதர்லாந்தின் ஓஸ் அருகே என்329 சாலையில் இருளில் ஒளிரும் கோடுகளைத் தீட்டினார்கள். சில வாரங்களிலேயே ஈரத்தால் ஒளி குறைந்ததாகச் செய்தி வந்தது. அந்தக் கோடுகளைக் கலக்கியின் கத்தி தொடரவில்லை, மழைதான் தொடர்ந்தது.

வண்ணக்கலவை

சாலைக்கு நான் பெயிண்ட் செய்யவில்லை. கூரைக்குக் கீழே உள்ள மாடிப்படிக்குச் செய்கிறேன். அங்கே பூச்சு காய்ந்த பிறகு துகளைச் சுற்றி இருப்பது பைண்டர், நீரல்ல. எனக்கு உறை தேவைப்படுவது பெயிண்ட் டின்னுக்குள் கிடக்கும் மாதங்களுக்கு மட்டுமே. அந்தக் காலம் வரை சிதைவைத் தள்ளிப்போட்டுத் தந்தால் எனக்குப் போதும்.