டூம் முகமூடியைக் கழற்றக் கூடாது. அவ்வளவுதான்!

கல்லடியான்:
நேற்று எங்கள் வட்ஸ்அப் குழுமத்தில் யாரோ ஒரு யூடியூப் காணொளியைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். சென்னையில் இருந்து ஒரு தம்பி பதினேழு நிமிடம் பேசுகிறார். சாரம் இதுதான்: டிசம்பர் 18, 2026 அன்று வரப்போகும் மார்வெலின் அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே படத்தில் வில்லன் டொக்டர் டூம் முகமூடி இல்லாமல்தான் வரவேண்டுமாம். உள்ளே இருப்பது ரொபர்ட் டவுனி ஜூனியர், அந்த முகத்துக்குத்தான் சனம் காசு கொடுக்கிறது, முகத்தை மூடினால் யாரை வைத்து எடுத்தால் என்ன என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டூம் என்றாலே அந்த இரும்பு முகம்தான். 1962இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் கொமிக்ஸ் ஐந்தாவது இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் அவனைக் கொண்டுவந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தத் தம்பி ஒருமுறை இந்தப் பக்கம் வந்தால் நல்லது. மட்டக்களப்பில் வந்தவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்.

காத்தான்குடி காக்கா:
அவர் சொன்னதில் என்ன பிழை? நான் ஐயாயிரம் பேருடைய வாயை மூடவா சொல்கிறேன், ஒரு முகமூடியைக் கழற்று என்றுதான் கேட்கிறோம். 2024 ஜூலையில் சான் டியேகோ கொமிக்-கொன் விழா மேடையில் டவுனியே பச்சை அங்கியோடு வந்து, முகமூடியைத் தன் கையாலேயே கழற்றினாரே. மண்டபம் கத்தியது அப்போதுதான், அதற்கு முன் இல்லை.

கல்லடியான்:
காக்கா, அது மேடை. படம் இல்லை. கழற்றிவிட்டு அவர் என்ன சொன்னார்? 'புதிய முகமூடி, அதே வேலை.' புதிய முகம் என்று சொல்லவில்லை. முகமூடி. மு-க-மூ-டி.

களுவாஞ்சி ஓரமாய்:
ஒரு சின்னக் கேள்வி. இந்த டூம், டவுனி முன்பு நடித்த அயன் மேன் டோனி ஸ்டார்க்கின் வேறொரு உலகத்து வேரியன்ட் என்கிறார்கள். வேரியன்ட் என்றால் சரியாக என்ன? அதே ஆளா, அதே முகமா, அதே உயிரா?

காத்தான்குடி காக்கா:
வேரியன்ட்தான், அதில் என்ன சந்தேகம். இல்லாவிட்டால் எத்தனையோ நடிகர்கள் இருக்க டவுனியை ஏன் திரும்பக் கூப்பிட வேண்டும்? இந்தப் படத்துக்கு முதலில் காங் என்பவனை வில்லனாக வைத்து 'காங் டைனஸ்டி' என்று பெயரும் சொல்லிவிட்டு, 2023 டிசம்பரில் அந்த நடிகரை நீக்கி, பிறகு பெயரையும் மாற்றினார்கள். கைவிட்டுப் போன கடையைத் தூக்கி நிறுத்தத்தான் டவுனி. அவரைக் கூப்பிட்டுவிட்டு முகத்தை மூடினால், விருந்தாளியை அழைத்து அடுப்படியில் உட்காரவைத்த மாதிரி.

கல்லடியான்:
வேரியன்ட் இல்லை. டூம் தனி ஆள். விக்டர் வொன் டூம், லட்வேரியா நாட்டு அரசன். அயன் மேன் 1963 மார்ச் இதழில்தான் வந்தான். அண்ணன் பிறந்த பிறகு வந்த தம்பிக்கு அண்ணனை வேரியன்ட் என்பீர்களா?

காத்தான்குடி காக்கா:
அண்ணன் தம்பிக்கு ஒரே முகம் இருந்தால் சொல்வேன். அப்புறம், உங்கள் கொமிக்ஸிலேயே 2016இல் டூம் அயன் மேனாக வந்தானே, ஆறிய முகத்தோடு? அதற்கு முன் 2015 சீக்ரெட் வோர்ஸ் முடிவில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் தலைவர் ரீட் அவனுடைய முகத்தைச் சுகமாக்கி விட்டார். படித்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

கல்லடியான்:
முடிவில்! நீங்களே சொல்கிறீர்கள், முடிவில். கிட்டத்தட்ட ஒன்பது இதழும் இரும்பு முகத்தோடு உலகத்தையே ஆண்டுவிட்டுக் கடைசியில் ஒரு முகம் காட்டினான். அதனால்தான் அது மனதில் நின்றது. முதல் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றால் அவன் டூம் இல்லை, கல்யாண வீட்டு மாப்பிள்ளை.

மீன்மகள்:
ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில், 2025 ஜூலையில் வந்ததில், கடைசிக்கு முன் ஒரு துண்டுக் காட்சி வந்ததே, இரண்டு பேருக்கும் மறந்துவிட்டதா? பச்சை அங்கி, முதுகு மட்டும், குழந்தைக்கு முன்னால் இருக்கிறான், கையில் முகமூடி. கழற்றியும் இருக்கிறான், முகமும் தெரியவில்லை. இருவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. போய்த் தூங்குங்கள்.

கல்லடியான்:
தங்கச்சி, அது என் பக்கம். கழற்றினாலும் முகத்தைக் காட்டவில்லை, அதுதானே என் கட்சி.

காத்தான்குடி காக்கா:
என் பக்கம். கழற்றிவிட்டான், அதுதானே என் கட்சி.

மீன்மகள்:
சரி, உங்களோடு பேசுவதற்கு நான் வாவியில் கல்லெறியலாம்.

அக்கரைப்பற்று 2003:
அண்ணன்மாரே, எனக்கு டூம் முகத்தைக் காட்டினாலும் சரி, முதுகைக் காட்டினாலும் சரி. எனக்கு இந்தப் படத்தில் வரும் எக்ஸ்மென்தான். 2025 மார்ச்சில் கதிரைகளை வரிசையாக வைத்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இந்தப் பட நடிகர்களை ஒவ்வொரு பெயராகக் காட்டினார்களே, நான் வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பற்றிக் ஸ்டூவர்ட், இயன் மெக்கெலன், ஜேம்ஸ் மார்ஸ்டன். மார்ஸ்டன் நடித்த சைக்ளொப்ஸை 2006 எக்ஸ்மென் படத்தில், படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஏரிக்கரையில் வைத்து முடித்துவிட்டார்கள். அந்தக் கணக்கு இன்னும் பாக்கி. ஒரு முழுச் சண்டையாவது வேண்டும்.

கல்லடியான்:
பார்த்தீர்களா, சைக்ளொப்ஸும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. கழற்றினால் கண்ணில் இருந்து பாயும் கதிரில் வீடு இடியும். முகத்தை மூடுபவனுக்கு ஒரு காரணம் இருக்கும்.

அக்கரைப்பற்று 2003:
அண்ணன், நான் சொன்னது வேறு விஷயம்.

களுவாஞ்சி ஓரமாய்:
வேரியன்ட் என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்.

மண்டூர் மத்தளம்:
பிள்ளைகள் சண்டை பிடிக்கும் இடத்தில் நான் வரக் கூடாதுதான். ஆனால் ஒன்று. எங்கள் ஊர்க் கூத்துக் களரியில் ஒரு வருடம் தருமராக ஆடியவரே மறு கூத்தில் துரியோதனனாக வருவார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் ஆட்டத்தையும் பார்த்துத்தான் பாத்திரம் கொடுப்பார். நீ போன தடவை தருமர் அல்லவா, இது என்ன வேரியன்டா என்று ஒரு கிழவியும் கேட்டதில்லை. கேட்டாலும் மத்தளச் சத்தத்தில் கேட்காது.

கல்லடியான்:
ஐயா, வாயில் சர்க்கரை போட வேண்டும். இதைத்தான் நான் காலையிலிருந்து சொல்கிறேன். நடிகர் ஒன்று, பாத்திரம் வேறு. அதனால்தான் முகமூடி வேண்டும்.

மண்டூர் மத்தளம்:
தம்பி, நான் அப்படிச் சொல்லவில்லை. வடமோடி, தென்மோடி என்ற எங்கள் இரண்டு வகைக் கூத்திலும் முகமூடியே கிடையாது. முகப்பூச்சுத்தான். பாத்திரத்தை ஆள் முகத்தோடுதான் ஆடிக் காட்ட வேண்டும்.

கல்லடியான்:
வட்டக்களரியில் சுற்றிவர இருக்கிற சனத்தில் பாதிப் பேருக்கு எப்போதும் முதுகுதான் தெரியும் ஐயா. தீவட்டி வெளிச்சத்தில் முகமா தெரிந்தது? காலும் தாளக்கட்டும் குரலும்தான் கூத்து. வடமோடி அரசனின் விரிந்து நிற்கும் கரப்புடுப்பையும் அந்தப் பாரமான கிரீடத்தையும் பார்த்தவுடனே யார் என்று தெரிந்துவிடும், முகம் தேவையில்லை. டூமும் அப்படித்தான்.

மண்டூர் மத்தளம்:
தம்பி, நீங்கள் எப்போது விடியும்வரை இருந்து கூத்துப் பார்த்தீர்கள்? பத்தரை மணிக்குக் கச்சான் சுருளோடு எழும்பிப் போகிற ஆட்கள் எனக்குத் தாளக்கட்டுப் படிப்பிக்க வேண்டாம். முதுகு தெரியுமாம். ஆட்டக்காரன் களரியைச் சுற்றிச் சுற்றி ஆடுவது எதற்கு? எல்லாப் பக்கத்துக்கும் முகம் காட்டத்தான்.

காத்தான்குடி காக்கா:
ஐயா ஒரே அடியில் கல்லடிப் பாலத்தைத் தாண்டிவிட்டார். 😂

கல்லடியான்:
நான் கச்சான் வாங்குவது என் சொந்தக் காசில். விஷயத்துக்கு வாருங்கள். நடிப்புக்கு முகம் வேண்டும் என்பதே பொய். 'வி ஃபோர் வென்டெட்டா'வில் ஹியூகோ வீவிங் முகத்தை ஒருமுறையும் காட்டவில்லை. 2012 'ட்ரெட்' படத்தில் கார்ல் அர்பன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. குரல், தோள், தலை திரும்புகிற வேகம், இவற்றால் நடித்தார்கள். டவுனி அவர்களைவிடக் குறைந்தவரா? 2024இல் ஒஸ்காரும் வாங்கியவர். இரும்புக்குள் இருந்து நடிக்கட்டும். முடியாவிட்டால் வேறு வேலை பார்க்கட்டும்.

காத்தான்குடி காக்கா:
அந்த இரண்டு படமும் எவ்வளவு ஓடியது, அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் எவ்வளவு ஓடியது? எண்ட்கேம் ஏறக்குறைய 2.8 பில்லியன் டொலர். அதில் கடைசியில் டோனி விரலைச் சொடுக்கிச் சாகும்போது டவுனியின் முகத்தை மூடியிருந்தால் யார் அழுதிருப்பார்கள்? முகத்தைப் பார்த்துத்தான் அழுதோம்.

கல்லடியான்:
அது டோனி. இது டூம். தலையில் அடித்துச் சொல்ல வேண்டுமா? டோனி ஹெல்மெட்டைத் திறந்து திறந்து மூடுகிற ஆள், அதுதான் அவன் குணம். டூம் திறக்காத ஆள், அதுதான் அவன் குணம். ஒரே நடிகரை எடுத்து, அந்த ஒரு வித்தியாசத்தையும் அழித்துவிட்டால் மிச்சம் என்ன? பச்சைத் துணி போட்ட டோனி. முகத்தில் பெரிய காயம் கூட இருக்க வேண்டியதில்லை. ஒரு சிறு கீறல் மட்டும்தான், அதைத் தாங்க முடியாத தலைக்கனத்தில்தான் மூடினான் என்பது ஜாக் கேர்பியின் எண்ணம். எவ்வளவு அழகான எண்ணம் அது! சின்னக் கீறலுக்காக உலகத்துக்கே முகத்தைக் காட்டாதவன். அப்படிப்பட்டவனைப் போய் செல்ஃபிக்கு நிற்கவைக்கப் பார்க்கிறீர்கள்.

காத்தான்குடி காக்கா:
தலைக்கனம் பற்றி நீங்கள் பேசுவது நல்ல பொருத்தம்.

கல்லடியான்:
நேரடியாகச் சொல்லுங்கள்.

காத்தான்குடி காக்கா:
சொல்கிறேன். 2018இல் இன்ஃபினிட்டி வோர் பார்த்துவிட்டு வந்து, கடைசியில் பாதிப் பேர் தூசாகப் போகிறார்கள், ஸ்பைடர்மேனும் போகிறான் என்று குழுமத்தில் எழுதியது யார்? நான் மறுநாள் பார்க்க டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். உங்களை அன்றைக்கு மச்சான் என்று கூப்பிடுவதை நிறுத்தியவன் நான். இன்றைக்குவரை ஒரு மன்னிப்பு இல்லை.

கல்லடியான்:
எட்டு வருடமாக இதைத்தான் அடைகாத்தீர்களா? அப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. எண்ட்கேமுக்கு நான் வாயே திறக்கவில்லையே, அதைச் சொல்ல மாட்டீர்கள்.

காத்தான்குடி காக்கா:
எண்ட்கேமுக்கு வட்ஸ்அப் முடங்கியிருந்தது. உங்கள் நல்ல குணத்தால் இல்லை.

மீன்மகள்:
அந்த 2019 ஏப்ரலைப் பகிடிக்கு எடுக்க வேண்டாம். 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு. எங்கள் ஒழுங்கையில் இருந்தும் ஒரு பிள்ளை போனது. அந்தக் கிழமை ஊரடங்கு, பேஸ்புக் இல்லை, வட்ஸ்அப் இல்லை, யார் உயிரோடு என்று கேட்க வீடு வீடாகப் போனோம். படம் 26ஆம் திகதி வெளிவந்தது என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். நான் அதைத் தனியாக, போனில், ஜூலை மாதம் பார்த்தேன்.

காத்தான்குடி காக்கா:
ஓம் தங்கச்சி. பிழை என்னுடையது. அந்தக் கிழமை நாங்களும் எங்கள் பக்கத்தில் வெளியே வரவில்லை.

கல்லடியான்:
நானும் எடுத்திருக்கக் கூடாது.

அக்கரைப்பற்று 2003:
...

அக்கரைப்பற்று 2003:
அதே டிசம்பர் 18 அன்று 'டூன்' மூன்றாம் பாகமும் வருகிறதாமே. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் யாராவது உண்டா?

கல்லடியான்:
அதில் மணல்தான் இருக்கிறது. டூம் பற்றிப் பேசுவோம். சரி, மீண்டும் சொல்கிறேன், கழற்றக் கூடாது.

மீன்மகள்:
அங்கே போய்விட்டாரே திரும்ப.

காத்தான்குடி காக்கா:
கழற்றுவான். பாதிப் படத்துக்குமேல் முகத்தோடுதான் இருப்பான் என்று கசிந்துவிட்டது. எனக்கு வந்த செய்தி உறுதியானது.

மீன்மகள்:
கசிவு என்பது நம் கல்லடிப் பாலத்துப் பாடுமீன் காக்கா. பூரணை இரவில் தோணியில் போனால் கேட்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு மீனையாவது பிடித்து வந்து பாடவைத்தவன் இல்லை.

மண்டூர் மத்தளம்:
நான் கேட்டிருக்கிறேன் பிள்ளை. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதில் வைத்தால் கேட்கும்.

கல்லடியான்:
ஐயா, பாடுமீனுக்கும் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். ஊரே நம்புகிறது. பார்த்தீர்களா?

காத்தான்குடி காக்கா:
யா அல்லாஹ்.

அக்கரைப்பற்று 2003:
டிசம்பரில் மாரி மழை. போன தடவை மாதிரித் தாழ்வான தெருவெல்லாம் தண்ணீர் நின்றால் படமும் இல்லை பாலமும் இல்லை. கொழும்பில் பெரிய திரையில் பார்க்கவேண்டும் என்றால் இப்போதே ஒரு வேன் பேசி வைப்போம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், உதயதேவி ரயிலில் டிக்கெட் கிடைப்பதை நம்ப முடியாது. பதினான்கு பேர் சேர்ந்தால் தலைக்குக் குறையும். யார் யார்?

மீன்மகள்:
நான், என் தம்பி. இரண்டு. முன் இருக்கை வேண்டும், எனக்கு வாந்தி வரும்.

கல்லடியான்:
நான் வருகிறேன். ஆனால் முகமூடியைக் கழற்றினால் இடைவேளையில் எழும்பி வெளியே போய்விடுவேன். வேன் எனக்காகக் காத்திருக்க வேண்டும்.

மண்டூர் மத்தளம்:
பத்தரைக்கு எழும்பிப் போகிற பழக்கம் போகவில்லை.

காத்தான்குடி காக்கா:
2018க்கு மன்னிப்புக் கேட்டால் நானும் என் மகனும் வருவோம். இரண்டு இருக்கைக் காசு.

கல்லடியான்:
கேட்க மாட்டேன். டூம் தனி ஆள் என்று நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு பார்ப்போம்.

காத்தான்குடி காக்கா:
வேரியன்ட்.

கல்லடியான்:
தனி ஆள்.

களுவாஞ்சி ஓரமாய்:
எனக்கும் ஒரு இருக்கை. போகிற வழியிலாவது யாராவது அந்த வேரியன்ட் என்றால்

கல்லடியான்:
தம்பி, அதை விடுங்கள். காக்கா, 2005 ஃபென்டாஸ்டிக் ஃபோரில் டூமை எவ்வளவு நேரம் வெறும் முகத்தோடு திரியவிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதையும் எடுத்துப் பேசுவோம். இரவு சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.