‘மேலும் காட்டு’ அமுக்கினா மைசூர்பாகு மட்டும்

குழு: ஆச்சி வீட்டுக் கும்பல்

அத்தை: டேய் பெரியவனே, தூங்கிட்டியா? தீபாவளி ஆர்டருக்கு குட்டி போட்ட பேஜ்ல ‘மேலும் காட்டு’ அமுக்கினா மைசூர்பாகு மட்டும்தான் வருது. அதிரசம், முறுக்கு, ரிப்பன் பக்கோடா மூணையும் காணோம்

மாமா: மைசூர்பாகு போதுமே 😋

குட்டி: நாலுக்கும் ஒரே கிளாஸ்தான் அண்ணா, ‘மறை’னு. ஸ்டைல்ஷீட்ல (தோற்றம் எழுதற ஃபைல்ல) அதுக்கு டிஸ்ப்ளே நன், அதாவது காட்டாதேனு

பெரியண்ணன்: அதைத் தேடி எடுக்க ஜாவாஸ்கிரிப்ட்ல குவெரிசெலக்டரா போட்ட?

குட்டி: ஆமா

பெரியண்ணன்: அது முதல்ல கண்ணுல படறதோட நின்னுரும். குவெரிசெலக்டர்ஆல் போடு

குட்டி: போட்டேன். மைசூர்பாகும் போச்சு 😭 அன்டிஃபைன்டுக்கு (இல்லாத ஒண்ணுக்கு) டிஸ்ப்ளே வைக்க முடியாதுனு கன்சோல்ல சிவப்பா திட்டுது

பெரியண்ணன்: ஆல் தர்றது நோட்லிஸ்ட், கிடைச்ச எல்லாத்தோட பட்டியல். லிஸ்டுக்கு ஏது ஸ்டைல்? ஃபார்ஈச் போட்டு ஒவ்வொண்ணா மாத்து

அத்தை: லிஸ்ட் என் நோட்டுலதான்டா இருக்கு, போட்டோ எடுத்து அனுப்பவா?

பெரியண்ணன்: 🙏 அது வேற நோட்டு அத்தை

குட்டி: திட்டு நின்னுருச்சு. ஆனா ஒண்ணுமே வரல. பிளாக்னு போட்டா படமும் விலையும் பக்கத்துல நிக்காம கீழ இறங்குது, அதான் இப்ப டிஸ்ப்ளேக்கு வெறும் கோட் ('') குடுத்தேன்

பெரியண்ணன்: அதான பாத்தேன். வெறும் கோட் குடுத்தா அந்த டேக்லயே எழுதின ஸ்டைல்தான் அழியும். ஸ்டைல்ஷீட்ல இருக்குற நன் அசையாது. ஸ்டைல் பக்கமே போகாத, கிளாஸைக் கழட்டு. பக்கத்துல பக்கத்துல நிக்க வைக்கிற பழைய ஃப்ளெக்ஸ் தானா திரும்பிரும்

பெரியண்ணன்: டாக்குமென்ட்.குவெரிசெலக்டர்ஆல்('.மறை').ஃபார்ஈச்(அ => அ.கிளாஸ்லிஸ்ட்.ரிமூவ்('மறை'))

பெரியண்ணன்: ‘மறை’யும் ‘அ’வும் தமிழ்லயே இருக்கட்டும், ஓடும். மிச்சத்தை இங்கிலீஷ்ல அடி

குட்டி: வந்துருச்சூஊஊ 🎉

அத்தை: ஆமாடா, நாலும் தெரியுது. நல்லா இரு

சித்தப்பா: அக்கா, அடியில ‘கடைக்காரருக்கு மட்டும், முறுக்கு கிலோ 380’னு ஒண்ணு தெரியுதே. போன வாரம் எங்கிட்ட 450 வாங்கின?

குட்டி: ஐயோ. அதுக்கும் ‘மறை’ கிளாஸ்தான் குடுத்திருந்தேன் 🙈

பெரியண்ணன்: ஆல்னா எல்லாந்தான் குட்டி. பலகாரம் நாலும் இருக்குற டிவ்வுக்கு (பெட்டிக்கு) ஒரு ஐடி வெச்சு, அதுக்குள்ள மட்டும் தேடு

குட்டி: அப்ப கடை விலை மறைஞ்சே இருக்கும்ல?

பெரியண்ணன்: ரைட் கிளிக் பண்ணி வியூ சோர்ஸ் பாத்தா யாருக்கும் தெரியும். அந்த வரியையே தூக்கிரு

சித்தப்பா: தூக்கறதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு. 3 கிலோ எழுதிக்கோ அக்கா, 380 கணக்குல

அத்தை: 450தான். டப்பா நீயே கொண்டுவா