பழைய விசைப்படகு கேபினுக்கு வார்னிஷா, பெயிண்டா?

அண்ணாச்சிமாருக்கு வணக்கம், உவரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பழைய விசைப்படகின் கேபின் உள்பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள். ஜன்னலுக்குக் கீழே பிளைவுட் ஊறி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. அதை வெட்டியெடுத்து ஐ.எஸ். 710 தர மெரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) போடப் போகிறேன், வெட்டிய ஓரங்களில் எபாக்ஸி பிசின் பூசாமல் விட்டால் திரும்பவும் அங்கேதான் தண்ணீர் ஏறும் என்பதால் அதில் மட்டும் சிக்கனம் பார்ப்பதாக இல்லை. தேக்குச் சட்டங்கள் இன்னும் நல்ல உறுதி, அதன் மேல் பெயிண்ட் அடிக்க மனம் வரவில்லை. பழைய வார்னிஷைச் சுரண்டிவிட்டு பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்தால் இந்த உப்புக்காற்றில் உரியாமல் நிற்குமா? தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டே, தின்னரால் துடைத்தால் போதுமா? அப்புறம், கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் இந்த வேலை தெரிந்த ஆசாரி யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.