ஓவியக் கூடத்தில் ஏன் இவ்வளவு இருட்டு?

வெள்ளவத்தை வாணி:
போன சனிக்கிழமை அம்மாவைக் கொழும்பு 7இல் ஒரு நீர்வண்ண ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே கால் வைத்தால் கும்மிருட்டு. அம்மாவுக்கு 71 வயது, படத்துக்குப் பக்கத்தில் இருந்த பெயர்ச்சீட்டைக்கூட வாசிக்க முடியவில்லை. கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். காவலாளி வந்து அணைக்கச் சொன்னார். பார்க்க முடியாத படத்தை எதற்குச் சுவரில் மாட்டுகிறார்கள்?

விளக்குக்கார ரவி:
அக்கா, கண்காட்சிகளுக்கு விளக்குப் பொருத்துவதுதான் என் வேலை. காகிதம், துணி, நீர்வண்ணம் என்றால் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கிற அலகு), எண்ணெய் வண்ணம் என்றால் 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்களின் பழைய கணக்கு. ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். 200 லக்ஸில் ஒரு மணி நேரமும் 50 லக்ஸில் நாலு மணி நேரமும் படத்துக்கு ஒன்றுதான். முப்பது வருடம் யன்னலுக்கு எதிரே தொங்கிய ஒரு நீர்வண்ணப் படத்தை ஒருமுறை சட்டத்திலிருந்து கழற்றினேன். மேகமெல்லாம் வெறும் சாம்பல். ஓரத்து அட்டை மறைத்திருந்த அரை விரல் அகலத்தில் மட்டும் நல்ல ரோசா நிறம். அது அந்தி வானம் என்பதே வீட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தெகிவளை சிவா:
அதெல்லாம் ஹலோஜன் காலத்துக் கதை. எல்.ஈ.டி.யில் புற ஊதாக் கதிர் இல்லாத மாதிரித்தான். பிறகு ஏன் 50? கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில், இன்றைய சபுமல் ஃபவுண்டேஷனில், 1943இல் தொடங்கிய ஓவியர் குழுவான 43 குழுவின் படங்களைப் பாருங்கள். வீட்டுச் சுவரில் பார்க்கிற நெருக்கம் வேறு.

விளக்குக்கார ரவி:
சிவா, புற ஊதா போனாலும் கண்ணுக்குத் தெரிகிற ஒளியே சாயத்தை வெளுக்கவைக்கும். எண்ணெய் வண்ணம் தாங்குவதை நீர்வண்ணம் தாங்காது.
ஆனால் அக்கா சொன்ன இடத்தில் பிழை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வெயிலிலிருந்து நேரே 50 லக்ஸுக்குள் ஆளை விடக்கூடாது. நடுவில் மங்கலான ஒரு முன்னறை வேண்டும். விளக்கு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில் விழ வேண்டும். அதைவிடச் சாய்ந்தால் பார்ப்பவரின் தலை நிழலே படத்தில் விழும். பெயர்ச்சீட்டுக்கு 50 லக்ஸ் கட்டுப்பாடே இல்லை.

வெள்ளவத்தை வாணி:
முன்னறை கட்டினாலும் அம்மாவின் கண் மாறாதே தம்பி. அறுபது வயதில் விழித்திரைக்குப் போகிற ஒளி, இருபது வயதில் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் கணக்கையே எடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் முதியவர்களுக்காக 150 லக்ஸ் வையுங்கள். கூடுவது 100 லக்ஸ் மணி, அதாவது லக்ஸை மணி நேரத்தால் பெருக்கிய அளவு. இன்னொரு நாள் இரண்டு மணி நேரம் முந்தி விளக்கை அணைத்தால் சரியாகிவிடும்.

விளக்குக்கார ரவி:
கணக்கு சரி அக்கா. வாரத்துக்கு ஒரு மணி என்று தொடங்கியது ஒவ்வொரு நாளும் என்று ஆகிவிடும், முந்தி அணைப்பதை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்பதுதான் என் பயம். அந்த ரோசா நிறத்தைப் பார்த்ததிலிருந்து இருக்கிற பயம் அது.

வெள்ளவத்தை வாணி:
அப்படியென்றால் லக்ஸ் மீற்றரோடு நீங்களே வந்து நில்லுங்கள். அம்மாவை நான் கூட்டிவருகிறேன்.